வரிசையை எண்ணியவர்



லெப்டினன் அட்னான் என்ற பெயரை உங்கள் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் கேட்டிருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தும் இருப்பார்கள். "அது மலாய்க்காரர் கதைதானே" என்று நம்மில் சிலர் ஒதுக்கிவிடுவதும் உண்டு. அப்படி ஒதுக்கக்கூடிய கதையல்ல அது.

அட்னான் பின் சைடி 1915-இல் காஜாங்குக்குப் பக்கத்தில் சுங்கை ராமாலில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் பயிற்சி ஆசிரியராகி, ஓராண்டுக்கு மேல் பாடம் நடத்தினார். பிறகு 1933-இல் பலகையையும் சுண்ணக்கட்டியையும் விட்டுவிட்டு, அப்போதுதான் தொடங்கியிருந்த மலாய்ப் படையில் சேர்ந்தார். (சம்பளம் கட்டவில்லையோ என்னவோ என்றார் எங்கள் பள்ளி நண்பர் ஒருவர்!) மறு வருடமே சிறந்த பயிற்சி வீரர். 1937-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு அணிவகுப்புக்கு லண்டன் போய் வந்தார். அதன் பின்னர் அதிகாரியானார்.

1942 பிப்ரவரி. மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் சிங்கப்பூரிலும் இறங்கிவிட்டார்கள். அட்னானின் கம்பெனி பாசிர் பாஞ்சாங் பக்கம் புக்கிட் சண்டு என்ற மேட்டைக் காத்து நின்றது. அடிவாரத்தில் அபினி ஆலை இருந்ததால் வந்த பெயர் அது. பின்னால் ஒரு பெரிய கால்வாய். எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் அதில் எரிந்துகொண்டிருந்தது. பின்வாங்க வழியில்லை.

14-ஆம் தேதி பிற்பகல், தலைப்பாகை கட்டிய பஞ்சாபிச் சிப்பாய்கள் மேட்டை நோக்கி நடந்து வந்தார்கள். இந்தியப் படை, நம் பக்கத்து ஆட்கள்! வேறு யாராக இருந்தாலும் கையசைத்து வரவேற்றிருப்பார்கள். அட்னான் வரிசையைப் பார்த்தார். பிரிட்டிஷ் படையில் மூன்று பேராக அணிவகுப்பது வழக்கம். வந்தவர்களோ நான்கு நான்கு பேராக வந்தார்கள். ஜப்பானியரின் வேடம் என்று கண்டுகொண்டார். கிட்டே வந்ததும் சுட உத்தரவிட்டார், வேடம் கலைந்தது.

காலையில் மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகிய கண் அது என்பது என் எண்ணம். இந்த 'நான்கு' நம் சிம்பாங் அம்பாட் பிள்ளைகளுக்கு மறக்காது. ஊர்ப் பெயரே நாற்சந்திதானே.

இரண்டு மணி நேரத்தில் ஜப்பானியர் முழுப் பலத்தோடு திரும்பி வந்தார்கள். தோட்டா தீர்ந்தது, கைகலப்பு வரை போயிற்று. படுகாயப்பட்டும் அட்னான் சரணடையவில்லை. கொன்ற பிறகும் ஆத்திரம் தீராமல் உடலை மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள் என்பது, பிணங்களுக்கு நடுவே கிடந்து பிழைத்த ஒரு வீரர் சொன்னது. வயது இருபத்தாறு. மனைவியும் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

அவருக்குக் கல்லறை இல்லை. கிராஞ்சி நினைவுச் சுவரில் பெயர் இருக்கிறது. நம் ராணுவக் கவச வண்டி ஒன்றுக்கும் அவர் பெயரை வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் படமும் வந்தது. அதே ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, சுவரில் பெயரும் இல்லை. உங்கள் குடும்பத்தில் அப்படிப் போனவர் பெயர் யாருக்காவது நினைவிருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.