தேர்வும் கற்றலே

மூளை அறிவியலின் பெயரால், மாணவரைப் ‘பார்த்துக் கற்பவர்’, ‘கேட்டுக் கற்பவர்’ எனப் பிரிக்கும் வழக்கம் ஆசிரியர் பயிற்சிகளில் இன்னும் நீடிக்கிறது. அவ்வாறு பிரித்துக் கற்பிப்பது பயன் தரும் என்பதற்குப் போதிய சான்றில்லை என ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008ஆம் ஆண்டிலேயே ஆய்ந்துரைத்தனர்.

சான்றுள்ள உண்மையோ எளியது. 2006இல் ரோடிகர், கார்பிக் ஆகிய உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு உரைப்பகுதிகளைப் படிக்கக் கொடுத்தனர். சிலர் அவற்றை மீண்டும் படித்தனர். சிலர் படித்ததை நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின்னரோ, எழுதிப் பார்த்தவர்களே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். நினைவுகூரும் முயற்சியே நினைவை வலுப்படுத்துகிறது.

இந்திய உயர்கல்வியோ தேர்வை மதிப்பெண்ணோடும் அச்சத்தோடும் பிணைத்துப் பருவ இறுதிக்குத் தள்ளிவிட்டது. முந்தைய இரவில் திரும்பத் திரும்பப் படித்தவர் மறுநாள் தேறிவிடுகிறார். அடுத்த பருவத்தில் ஆசிரியர் அதே அடிப்படைகளை மீண்டும் தொடங்க நேர்கிறது.

வகுப்பின் தொடக்கத்தில், சென்ற வாரப் பாடத்திலிருந்து மூன்று வினாக்கள் போதும். நூல் மூடியிருக்கட்டும், மதிப்பெண் வேண்டா, பிழையை மாணவரே உடனுக்குடன் திருத்திக்கொள்ளட்டும். இதற்குக் கருவியும் நிதியும் தேவையில்லை. தவறான விடையைக் குற்றமாகக் கருதாத ஆசிரியரே தேவை.