எக்ஸ்எம்எல்லை அரிவாளால வெட்டாதீங்க மக்கா

மொதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. டெக்னிக்கல் சமாச்சாரம் ஆகாதவங்க நேரா கீழே போயிடுங்க, அங்க வ.உ.சி. வர்றார்.

எங்க ஊர் தூத்துக்குடியில ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீஸ். பேர் வேண்டாம். அவங்களுக்கு வர்ற எக்ஸ்எம்எல் ஃபைலைப் படிச்சு பெட்டி நம்பர், எடை, யாருக்கு சரக்கு எல்லாத்தையும் டேபிள்ல ஏத்தற புரோகிராம் ஒண்ணு ஓடுது. எழுதின தம்பி கெட்டிக்காரன்தான். ஆனா அந்த ஃபைலை அவன் எக்ஸ்எம்எல்லாவே மதிக்கலை. இந்த டேகுக்கும் அந்த டேகுக்கும் நடுவுல என்ன இருக்கோ வெட்டி எடு, முடிஞ்சது கதை. ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. ஒருநாள் அனுப்பற பக்கம் சாஃப்ட்வேரை மாத்தினாங்க. விவரத்துல ஒரு எழுத்து மாறலை. அட்ரிபியூட் வரிசை மாறிச்சு, இரட்டை மேற்கோள் இருந்த இடத்துல ஒற்றை மேற்கோள் வந்துச்சு, நேம்ஸ்பேஸ் முன்னொட்டு வேற ஆச்சு. எக்ஸ்எம்எல் கணக்குல இது மூணும் மாற்றமே இல்லை. நம்மாளு புரோகிராமோ எடை இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் காலியா விட்டுட்டு, ஒரு எரர் கூட சொல்லாம, சமர்த்தா வேலையை முடிச்சுடுச்சு. பெட்டிங்க யார்டுல கிடந்தது. டெமரேஜ் கட்டினது சரக்குக்கு சொந்தக்காரர்.

“லைப்ரரி எதுக்கு அண்ணாச்சி, ஹெவியா இருக்கும். பத்து வரி வேலை இது”ன்னான் தம்பி. இதே வசனத்தை சென்னையிலயும் கேட்டிருக்கேன், பெங்களூர்லயும் கேட்டிருக்கேன். அதனாலதான் இவ்ளோ கடுப்பு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னும் புரியுது. நம்ம கஸ்டம்ஸுக்கு ரொம்ப காலமா போன ஃபைலெல்லாம் தட்டையான ஃபைல். ஒரு விவரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஆஸ்கி 29னு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. அது வந்த இடத்துல வெட்டினா போதும். அதுலயே வளர்ந்த கைக்கு எதைப் பார்த்தாலும் வெட்டத்தான் தோணும். ஆனா எக்ஸ்எம்எல் தட்டை இல்லை, மரம். கிளைக்குள்ள கிளை. வெட்டினா விறகுதான் மிஞ்சும்.

தட்டையா இருக்கறதுலயும் வெட்டறது அப்படி ஒண்ணும் சுளுவு இல்லை. கப்பல் உலகத்தோட பழைய மொழி எடிஃபேக்ட். 1987ல ஐஎஸ்ஓ 9735ன்னு தரமாச்சு. அதுல ஒரு வாக்கியம் முடிஞ்சதுக்கு அடையாளம் ஒற்றை மேற்கோள் குறி. இப்ப எங்க கடற்கரைப் பேருங்களைப் பாருங்க. ‘கொற்கை’க்கு 2013ல சாகித்ய அகாதமி வாங்கினவர் ஜோ டி குரூஸ். கப்பல் துறைக்காரர் வேற. அந்தக் குடும்பப் பேரை இங்கிலீஷ்ல எழுதினா ‘டி’ எழுத்துக்குப் பக்கத்துல அதே மேற்கோள் குறி உக்காந்திருக்கும். கண்ணை மூடி வெட்டினா மனுஷன் பேரே ரெண்டு துண்டு. அதுக்காகத்தான் முன்னால ஒரு கேள்விக்குறி போட்டுக்கோன்னு அந்தத் தரத்துலயே வழி வெச்சிருக்காங்க. அதைப் படிச்சுப் பார்க்க யாருக்கு பொறுமை?

இது நம்ம பதிவர்களுக்குத் தெரியாத வியாதி இல்லை. 2004ல தமிழ்மணம் வந்த புதுசை நினைச்சுப் பாருங்க. சொந்தமா பிஎச்பில வீடு கட்டின மக்கள் தலைப்புல அப்படியே ஒரு & போட்டா போதும், ஓடை அங்கயே அவுட். எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998 பிப்ரவரி. இலக்கணம் தப்பினா பார்சர் அதோட நிறுத்திடணும்னு அதுல கறாரா எழுதியிருக்கு. அதே 2004ல இதை வெச்சு பெரிய சண்டையே நடந்துச்சு. எக்ஸ்எம்எல் தரத்தை எழுதினவங்கள்ல ஒருத்தரான டிம் பிரே கறார் கட்சி. ஃபீட்பார்சர் எழுதின மார்க் பில்கிரிம் விட்டுக்கொடுக்கற கட்சி. யாரோ பண்ணின தப்புக்கு வாசகன் ஏன் தண்டனை வாங்கணும்னார் பில்கிரிம். என் ஓட்டு ரெண்டு பேருக்கும் உண்டு. நம்ம கவிதை, மொக்கை எல்லாம் படிக்க பில்கிரிம் வழி. இருபது டன் பெட்டிக்கு பிரே வழி. அந்த எடை இடம் காலியா போனப்போ புரோகிராம் கத்தி ஊரைக் கூட்டியிருக்கணும்.

‘ஹெவி’ங்கற புகாருக்கு வர்றேன். மொத்த மரத்தையும் மெமரில ஏத்தற டாம் முறை பெரிய ஃபைலுக்கு கனம்தான், ஒத்துக்கறேன். அதுக்குத்தானே சாக்ஸ் இருக்கு? டேக் வர வர சொல்லிட்டே போகும், எதையும் தூக்கி வெச்சுக்காது. டேவிட் மெகின்சனும் எக்ஸ்எம்எல்-டெவ் குழுவும் 1998லயே செஞ்சு முடிச்ச வேலை. “ஜேசன் வந்தாச்சே”ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அதையும் சரத்தை ஒட்டி ஒட்டித்தானே வே தயாரிக்கீங்க?

மன்னார் வளைகுடாவுல முத்துச் சலாபம் நடந்த காலத்துல முத்தைத் தரம் பிரிக்க பத்து பித்தளைச் சல்லடை வெச்சிருந்தாங்க. மொத சல்லடையில 20 ஓட்டை, கடைசில 1000. கண்ணாலயே பிரிக்கத் தெரியாத ஆளுங்களா அவங்க? விக்கறவனும் வாங்கறவனும் ஒரே அளவை ஒத்துக்கணும், அதுக்குத்தான் சல்லடை. எங்க ஊர்ல கடைசி முத்துக்குளிப்பு 1961ல. அதோட அந்தப் புத்தியும் போயிடுச்சு போல.

இன்னொரு வாதம் இருக்கு, அதைக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்கும். “வெளிநாட்டான் லைப்ரரி எதுக்கு, நாமளே எழுதுவோம், சுதேசி.” அய்யா, வ.உ.சி. 1906ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சார். கப்பலைக் கொல்லைப்புறத்துலயா செஞ்சார்? காலியோ, லாவோன்னு ரெண்டு கப்பலை 1907ல வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்தார். பிரிட்டிஷ்காரன் கம்பெனியோட ஏகபோகத்தை எதிர்த்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல ஓட்டினார். யாருக்காக, யார் கையில ஓடுச்சுங்கறதுதான் அவர் சுதேசி. இன்னைக்கு துறைமுகத்துக்கே அவர் பேர். அதே ஊர்ல உக்காந்துகிட்டு பத்து வரி வெட்டு வேலைக்கு சுதேசிங்கறீங்க.

நிஜமாவே சுதேசி உணர்ச்சி பொங்குதுன்னா வேற வேலை கிடக்கு. லிப்எக்ஸ்எம்எல்2னு ஒரு லைப்ரரி. க்னோம் காலத்துல டேனியல் வெய்யார் ஆரம்பிச்சது. பைதான்ல எல்எக்ஸ்எம்எல், ரூபியில நோகோகிரி, பிஎச்பியில சிம்பிள்எக்ஸ்எம்எல், எல்லாத்துக்கும் அடியில உழைக்கிறது அதுதான். கோடி கோடியா சம்பாதிக்கற கம்பெனிங்க எல்லாம் ஓசில சாப்பிடுது. அதைப் பார்த்துக்கிட்டு இருந்த நிக் வெல்ன்ஹோஃபர் ஒரு தன்னார்வலர். பாதுகாப்பு ஓட்டைகளை இனி மத்த பிழை மாதிரிதான் பார்ப்பேன், ரகசியக் காவலெல்லாம் முடியாதுன்னு 2025 ஜூன்ல அறிவிச்சுட்டார். அந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. ‘ஹெவி’ன்னு சொல்ற நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேர் அதுக்கு ஒரு பிழை அறிக்கை எழுதியிருப்பாங்க? ஒரு தமிழ் டெஸ்ட் ஃபைல்?

பி.கு: லைப்ரரிக்கு மாறற புண்ணியவான்கள் கவனிக்க. எக்ஸ்டர்னல் என்டிட்டியை அணைச்சு வைங்க. திறந்து விட்டா, வெளியாள் அனுப்பற ஃபைல் உங்க சர்வர்ல இருக்கற மத்த ஃபைலைப் படிச்சு எடுத்துட்டுப் போயிடும். 2017ல ஓவாஸ்ப் போட்ட டாப் 10 பட்டியல்ல இதுக்கு நாலாவது இடம். சில பார்சர்ல தானாவே அணைஞ்சிருக்கும், சிலதுல நீங்கதான் அணைக்கணும். மேனுவலைப் பாருங்க.