வேனின் ஒயிலை நாமே மாற்றினால் என்ன?

வியாபாரிகள் நாலு பேர் கூடும் இடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வாகனச் செலவில்தான் வந்து நிற்கிறது. அண்மையில் மன்னார் பஸாரில் ஒரு தேநீர்க் கடையிலும் அப்படித்தான் நடந்தது. என் வேனின் எஞ்சின் ஒயிலை நானே மாற்றுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த சில்லறைக் கடைத் தம்பி சிரித்துவிட்டார். "நானா, அந்தக் கூலிக் காசையும் மிச்சம் புடிச்சி எங்க கொண்டு போகப் போறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று சொல்லாமல் வந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் புடைவை வியாபாரி. கடை கிடையாது. பழைய டொல்பின் டீசல் வேன் ஒன்றில் சாரனும் சேலையும் பிள்ளைகளின் உடுப்பும் ஏற்றிக்கொண்டு சிலாவத்துறை, முருங்கன், அடம்பன், விடத்தல்தீவு, செட்டிகுளம் என்று ஊர் ஊராகப் போகிறவன். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன பிறகு, சைக்கிளின் பின்னால் துணி மூட்டை கட்டி எங்கள் வாப்பா தொடங்கிய தொழில் இது. இப்போது மூட்டைக்குப் பதிலாக வேன். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் அதற்குள்தான் தூங்குகிறேன். பின் ஆசனங்களைக் கழற்றிப் பலகை அடித்திருக்கிறேன். ஒரு பக்கம் சரக்கு, மறு பக்கம் பாய், தலைமாட்டில் கேஸ் அடுப்பு. வெளிநாட்டுக்காரர்கள் விடுமுறைக்கு வீட்டு வண்டியில் ஊர் சுற்றுகிறார்களாம், நமக்கு அதுவே பிழைப்பு. இந்த எஞ்சின் நின்றால் என் கடையும் பூட்டு, படுக்கையும் இல்லை.

2023ஆம் ஆண்டு அது நின்றது. நோன்பு பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. கொழும்பில் கடனுக்குச் சரக்கெடுத்து ஏற்றி வைத்திருந்தேன். மதவாச்சி வீதியில் வரும்போது எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம், அதோடு ஒயில் விளக்கும் எரிந்தது. வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்கு வந்தோம். எங்களூர் பாஸ் கழற்றிப் பார்த்து, கிராங்கின் பெயாரிங் தேய்ந்துவிட்டது என்றார். பிறகு ஒயில் பில்டரைக் கழற்றிக் கையில் தந்தார். பெயின்ட் உரிந்து, துருவேறி, உள்ளே தார் போலப் படிந்திருந்தது. அதற்கு முந்திய மூன்று சேர்விஸ்களுக்கும் என்னிடம் பில் இருந்தது, மூன்றிலும் பில்டருக்குக் காசு எழுதப்பட்டிருந்தது. எந்த இடத்தில் செய்தேன் என்பது இங்கே தேவையில்லை. அப்போது நான் காற்றாடியின் கீழே உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் தேவையானது.

அந்தப் பெருநாள் வியாபாரம் போனது. நம் தொழிலில் ஆண்டின் இலாபத்தில் பெரும் பங்கு அந்த ஒரு மாதத்தில்தான் என்பது வாசகர்களுக்குத் தெரியும். எஞ்சின் செய்த காசு ஒரு பக்கம், விற்காத சரக்கின் கடன் மறு பக்கம். அதைக் கட்டி முடிக்க ஒன்றரை வருடம் ஆனது.

ஆகவே, தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கூலியில் மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லை. ஒரு ஒயில் மாற்றத்தில் செலவு முக்கால்வாசியும் ஒயிலுக்கும் பில்டருக்கும்தான், கூலி சொற்பம். காசை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக வேனுக்குக் கீழே படுப்பவர் இரண்டாம் தடவை படுக்கமாட்டார். நான் படுப்பது, உள்ளே போனது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நாம் துணி வாங்கும்போது கெஜத்தை நாமே அளந்து பார்க்கிறோம், சாயம் போகுமா என்று நனைத்துப் பார்க்கிறோம். பல இலட்சம் பெறுமதியான எஞ்சினுக்குள் ஊற்றுவதை மட்டும் பார்க்காமலே காசு கொடுத்துவிட்டு வருகிறோம்.

இன்றைய நிலையில் இது இன்னும் அவசியம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. திறந்தும் என்ன? வரியோடு சேர்த்து அந்த விலை நம் போன்றவர்களின் கைக்கு எட்டாது. இருபது இருபத்தைந்து வருடப் பழைய வேனைத்தான் இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டியிருக்கிறது. 2022 ஜனவரியில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் கடைசியில் 460 ஆனபோது, ஒயில் விலையும் கூடவே ஏறியது. விலை ஏறியவுடன் போலி ஒயிலும் பழைய கலனில் நிரப்பிய ஒயிலும் சந்தைக்கு வரும், அது எல்லாச் சரக்குக்கும் உள்ள விதி. தெரிந்த முகவரிடம் பில்லோடு வாங்குங்கள், மூடியின் முத்திரையைப் பாருங்கள். வெறுங்கலனை வீசும்போது கத்தியால் கிழித்துவிட்டு வீசுங்கள். நம் கலனில் இன்னொருவர் கள்ள ஒயில் நிரப்பக் கூடாது.

வேலை பெரிதல்ல. முதல் தடவை எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது, இப்போது முக்கால் மணித்தியாலம் போதும். வேனைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, கொஞ்சம் ஆற விட வேண்டும். குளிர்ந்த ஒயில் அழுக்கைக் கீழே விட்டுவிட்டுத் தான் மட்டும் வரும், கொதிக்கும் ஒயில் கையைச் சுடும். நம் தீவில் மேடு பள்ளம் இல்லை, ஆனால் மணல் இருக்கிறது. மணலில் ஜக் அடித்து அதன் கீழே படுப்பதைப் போன்ற மடமை வேறில்லை. ஜக் புதையும், வேன் இறங்கும். நான் பனங்குற்றி இரண்டைச் சரிவாகச் செதுக்கி வைத்திருக்கிறேன். முன் சில்லுகளை அதன் மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சில்லுகளுக்குக் கல் வைத்த பிறகுதான் கீழே போவேன்.

மேல் மூடியைத் திறந்துவிட்டுக் கீழே உள்ள நட்டைக் கழற்றினால் ஒயில் முழுக்க வடியும். நட்டின் வொஷர் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கட்டும், பெரிய விலையில்லை. பில்டரைக் கழற்றும்போது அதன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புதியதைப் பூட்டினால் வீதியில் வைத்து ஒயில் முழுவதும் கொட்டிவிடும். புதிய வளையத்தில் கொஞ்சம் ஒயில் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும், பலம் காட்டத் தேவையில்லை. பில்டரில் திகதியையும் மீற்றரையும் மார்க்கரால் எழுதுகிறேன். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஊற்றும்போது நிதானம் வேண்டும். என் எஞ்சினுக்குச் சுமார் 6 லீற்றர் பிடிக்கும், உங்களுடையதை அதன் புத்தகத்தில் பாருங்கள். டீசலுக்கென்று எழுதிய 15டபிள்யூ-40 ஒயில்தான் நம் பழைய வேன்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும், பெற்றோல் கார் ஒயிலை ஊற்றாதீர்கள். கொஞ்சம் குறைவாக ஊற்றி, அளவுக் கம்பியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள். கூடினால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் ஒயில் கூடினால் அது மூச்சுக் குழாய் வழியே உள்ளே இழுபட்டு, ஒயிலையே எரித்துக்கொண்டு எஞ்சின் நிறுத்த முடியாமல் ஓடலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. இன்னொன்று, சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் விடியற்காலையிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். தீவின் தென்கரையில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அந்தக் காற்றின் பலம் எப்படி என்று யோசியுங்கள். பத்து மணிக்குப் பிறகு திறந்த மூடிக்குள் மணல் போகும்.

வடிந்த ஒயிலைப் பாருங்கள். சேர்விஸ் நிலையத்தில் யாரும் நமக்குக் காட்டாத பொருள் அதுதான். டீசல் எஞ்சினில் புது ஒயில் ஓரிரு நாளில் கறுத்துவிடும், அது கரியைத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் இறக்கினோமா, கேஸ்கட் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அளவு கூடி டீசல் மணந்தால் எங்கேயோ டீசல் உள்ளே கசிகிறது. வெயிலில் பிடிக்கும்போது பொடி மின்னினால் பெயாரிங் தேய்கிறது, உடனே பாஸிடம் போங்கள். 2023க்கு முன் நான் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருந்தால் எங்கள் வீட்டில் அந்தப் பெருநாள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எத்தனை கிலோமீற்றருக்கு மாற்றுவது என்று பலரும் கேட்கிறார்கள். 5,000 என்று புத்தகம் சொல்லும். ஆனால் நம் வேன்கள் ஓடுவதைவிட நின்றுகொண்டு இயங்குவதுதான் அதிகம். ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக இரண்டாம் கியரில் ஊர்கிறோம், மரநிழலில் எஞ்சினை நிறுத்தாமல் துணி விரித்துக் காட்டுகிறோம். மீற்றர் நகராது, ஒயில் கெட்டுக்கொண்டிருக்கும். நான் 4,000த்தில் மாற்றுகிறேன். அதிகம் ஓடாத காலத்திலும் ஆறு மாதத்தைத் தாண்ட விடுவதில்லை.

கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி, மீற்றர், ஒயிலின் பெயர், விலை என்று எழுதி வருகிறேன். நம்மில் பலர் சரக்குக்குக் கணக்கு வைப்பார்கள், வாகனத்துக்கு வைப்பதில்லை. வேனுக்கு ஸகாத் இல்லை, வேனுக்குள் இருக்கும் துணிக்கு உண்டு, சரி. அதற்காக வேனைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டால் இலாபம் எது, வேனின் தேய்மானத்தைத் தின்றது எது என்று பிரித்தறிய முடியாது. முன்பு நம் ஊரில் கழுதைகள் சுமை சுமந்தன. சுமை முடிந்ததும் கவனிப்பாரில்லாமல் போய், இன்று பஸாரில் கடதாசிப் பெட்டி தின்றுகொண்டு திரிகின்றன. கழுதையாவது வீதியில் பிழைத்துக்கொள்ளும்.

பாஸ்மாரின் வயிற்றில் அடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கராஜ் வைத்திருப்பவர்களும் நம் சகோதரர்கள்தான், யோக்கியமானவர்களே அதிகம். டைமிங் பெல்ட், பம்ப், பிரேக் இவற்றில் நான் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள். கீழே படுக்க உடம்பு இடம் தராதவர்கள் கராஜுக்கே போகலாம். ஆனால் கதிரையில் உட்காராமல் பக்கத்தில் நில்லுங்கள், பழைய பில்டரைக் கையில் கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு விடயம் என் மனதை உறுத்துகிறது. வடித்த 6 லீற்றர் கழிவு ஒயிலை எங்கே போடுவது? ஆரம்பத்தில் நானும் வேலியோரம் குழி தோண்டி ஊற்றினேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். நம் தீவு மணல். மழைநீர்தான் அந்த மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நின்று கிணற்றுக்கு வருகிறது. ஊற்றியதெல்லாம் அங்கேதான் போகும். ஒரு தடவை மாற்றிய ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். கரைவலைக்காரர்கள் தோணிக்குப் பூசவும், வேலிக் கட்டைக்குக் கறையான் பிடிக்காமல் தடவவும் கேட்பார்கள். அதுவும் மழையில் கழுவிக்கொண்டு மணலுக்கும் கடலுக்கும்தான் போகிறது, தோலுக்கும் கெடுதி. நம் நாட்டுச் சட்டத்திலும் அது அபாயகரமான கழிவுதான். கழிவைச் சேர்க்க வழியில்லாதவர் ஒயிலைத் தானே மாற்றக் கூடாது என்றுகூடச் சொல்வேன். நான் எழுதியதற்கு எதிராக நானே சொல்வதாகப் பட்டாலும் பரவாயில்லை.

நான் இப்போது அதைப் பழைய ஒயில் கலன்களிலேயே ஊற்றி, மூடி இறுக்கி, கழிவு ஒயிலை பரலில் சேர்க்கும் ஒரு கராஜில் கொடுக்கிறேன். தனி ஆளாக ஒவ்வொருவரும் இப்படி அலைய முடியாது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், முசலி என்று நம் ஊர்களில் வேனும் லொறியும் வைத்திருக்கும் வியாபாரிகள் எத்தனை பேர்! பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் ஊருக்கு ஒரு 200 லீற்றர் பரல் வைத்து, நிரம்பியதும் சேகரிப்போருக்குக் கொடுத்தால் போதும். தொழிற்சாலைக் கழிவைச் சூளையில் எரிக்கும் ஏற்பாடு புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையில் இருக்கிறது, சரக்கெடுக்கப் புத்தளம் வழியாகத்தானே லொறிகள் போகின்றன. அனுமதி பெற வேண்டிய இடம் மத்திய சுற்றாடல் அதிகார சபை. அதைக் கேட்டு எழுதும் கடிதத்தில் கையெழுத்திட நான் தயார், முதல் பரலுக்கு என் பங்கையும் தருவேன்.

தேநீர்க் கடைத் தம்பியிடம் ஒரு லொறி இருக்கிறது. கடைசியாக எப்போது பில்டர் மாற்றினீர்கள் என்று அன்று அவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, பில் வீட்டில் இருக்கிறது என்றார்.