சுருக்குகிறவன்

கதையின் முடிவைச் சொல்லுமுன் வாசகனை எச்சரிக்க வேண்டுமாம். ஆங்கில விக்கிப்பீடியா அந்த எச்சரிக்கைப் பலகையை 2007-லேயே கழற்றிவிட்டது. சரியான காரியம். கொங்கு நாட்டில் உடுக்கடித்து இரவிரவாகப் பாடும் அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் மாள்வது சிறுபிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் அழுகிறார்கள். முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற கதை, முன்பே செத்த கதை.

நான் அஞ்சுவது முடிவைச் சொல்பவனுக்கல்ல. கதையைத் திரித்துச் சொல்பவனுக்கு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010), பிள்ளையில்லாத காளியையும் பொன்னாவையும் ஊர்வாய் வதைக்கிற கதை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதைத் திருவிழா இரவு பற்றிய சில பக்கங்களாகச் சுருக்கினார்கள், எரித்தார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளர் தம் எழுத்தின் மரணத்தை அறிவித்தார். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 2016 ஜூலை ஆயிற்று.

அந்நாவல் காளியின் கதியைச் சொல்லாமலே நிற்கிறது. தொடர்ந்து வந்தவற்றில் 'ஆலவாயன்' அவனைச் சாகவிடுகிறது; 'அர்த்தநாரி' வாழவிடுகிறது. இதில் எந்த முடிவை மறைப்பது?

கலைக்களஞ்சியத்தில் சுருக்கம் எழுதுகிறவன் முதலில் முழுக்கப் படிக்கட்டும். எதனால் எது நடந்தது என்று சொல்லட்டும், முடிவு உள்பட. தீர்ப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். எச்சரிக்கைப் பலகையைப் படிக்காமலே சுருக்குகிறவன் கழுத்தில் மாட்டுங்கள்.