பெண்ணின் சம்பாத்தியம் யாருக்கு?

ஹிந்து ஸ்திரீகளின் சொத்துரிமை விஷயத்தில் இனிச் செய்யவேண்டியது யாதொன்றுமில்லையென்று நமது நண்பர்களில் பலர் கருதி வருகின்றனர். 1929-ம் வருஷத்தில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்கும் சமசொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது நகைத்தவர் அநேகர். ஆயினும் 1956-ல் வாரிசுச் சட்டம் வந்தது. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டசபையும் 2005-ல் பார்லிமெண்டும் குடும்பப் பொதுச்சொத்தில் பெண்ணுக்குப் பிறப்புரிமை அளித்தன. 2005-ல் தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டுமென்ற வாதத்தையும் 2020-ல் சுப்ரீம் கோர்ட்டார் தள்ளிவிட்டனர். இவையெல்லாம் சந்தோஷத்துக்குரியனவே.

ஆனால் இவை பெண் எதைப் பெறுகிறாள் என்பதைப் பற்றியவை. அவள் விட்டுச்செல்வது யாரைச் சேருகிறது என்பதில் 1956-ம் வருஷத்துச் சட்டத்தின் 15-வது பிரிவு பழைய வழியிலேயே நிற்கிறது. ஆண்மகன் ஒருவன் உயில் எழுதாமல் இறப்பானாயின், பெற்ற தாய் அவன் மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசாக நின்று பாகம் பெறுகிறாள். ஸ்திரீ ஒருத்தி அவ்வாறு இறந்தாலோ, பிள்ளைகளும் புருஷனும் முதலில் வருகின்றனர். அவர்கள் இல்லாவிடில் புருஷனுடைய வாரிசுகள். அவர்களிலும் ஒருவருமில்லாத போதுதான் பெற்றோரின் முறை! பெற்றோர் வழி வந்த சொத்தாயின், சந்ததியில்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். சுயமாகச் சம்பாதித்ததற்கு இவ்விலக்குக் கிடையாது.

இதன் பலனை 2009-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த ஒரு வழக்கில் காணலாம். 1955-ல் மணமான ஒரு பெண் மூன்றே மாதங்களில் விதவையானாள். புருஷன் வீட்டார் அவளைத் துரத்திவிட்டனர். பிறந்தகத்தில் தங்கிப் படித்தாள், உத்தியோகம் பார்த்தாள், பாங்கியிலும் பிராவிடெண்டு பண்டிலும் பணம் சேர்த்தாள். 1996-ல் உயிலின்றி இறந்தாள். தாய் அப்பணத்துக்கு உரிமை கோரினாள். புருஷனுடைய சகோதரியின் புத்திரர்களும் கோரினர். நாற்பது வருஷகாலம் அவள் வாசற்படி மிதியாத அந்தக் குடும்பத்துக்கே பணம் சேரவேண்டுமென்று தீர்ப்பாயிற்று.

நீதிபதிகளைக் குறைகூறுவதற்கில்லை. அனுதாபத்தால் சட்டத்தின் வாசகம் மாறிவிடாதென்பது வக்கீல் தொழிலில் பழகிய எவரும் அறிந்ததே. குறை அவ்வாசகத்தில் இருக்கிறது. பெண்ணின் கையிலுள்ள பொருள் தகப்பன் தந்ததாகவோ புருஷன் தந்ததாகவோதான் இருக்கும், அவளாகச் சம்பாதிப்பதென்பது அபூர்வம் என்று அதை இயற்றியவர்கள் எண்ணினார்கள் போலும். உபாத்தியாயினிகளும், டாக்டர்களும், மில் தொழிலாளிகளும் நிறைந்த இன்றைய தேசத்துக்கு அவ்வெண்ணம் எங்ஙனம் பொருந்தும்? சுயார்ஜித விஷயத்தில் இப்பிரிவைத் திருத்தவேண்டுமென்று லா கமிஷன் 2008-லேயே, தனது 207-வது அறிக்கையில், சிபார்சு செய்திருக்கிறது.

உயில் எழுதிவிட்டால் தீர்ந்ததே என்பாருண்டு. எழுதட்டும், அதற்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் முப்பது வயதில் உயில் எழுதுவோர் நம்மில் எத்தனை பேர்? எழுதாத ஆணின் தாயைக் காக்கும் சட்டம், எழுதாத பெண்ணின் தாயை மட்டும் ஏன் கைவிடவேண்டும்?

டில்லிதான் செய்யவேண்டுமென்பதுமில்லை. வாரிசு விஷயத்தில் ராஜ்யச் சட்டசபைகளுக்கும் அதிகாரமுண்டு. ஜனாதிபதியின் சம்மதம் பெற்று 1989-ல் சென்னை சென்ற வழி அதுவே. 15-வது பிரிவுக்கு ஒரு திருத்த மசோதா எப்போது கொண்டுவரப்போகிறீர்களென்று, தங்கள் தொகுதி அங்கத்தினரை நமது தொண்டர்கள் அடுத்த பொதுக்கூட்ட மேடையிலேயே கேட்பார்களாக.