கிராங்கின் முனையில் ஒரு ரப்பர் வளையம்

சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில், இரண்டு துண்டாகக் கிடந்த கிராங்க் ஷாப்ட்டைச் சென்ற ஆண்டு பார்த்தேன். ஆறு சிலிண்டர் லாரி இன்ஜினுடையது. எட்டு மாதத்துக்கு முன்புதான் வேறொரு இடத்தில் முழு வேலையும் பார்த்திருந்தார்கள். சிலிண்டர் போரிங், புது பிஸ்டன், ரிங், கிராங்க் கிரைண்டிங், பேரிங் என்று எதையும் விடவில்லை. “புல்லிங் குறையவே இல்லீங்க சார். ஓடிட்டு இருந்தப்பவே டொம்முன்னு ஒரு சத்தம், அவ்வளவுதானுங்க” என்றார் உரிமையாளர். வண்டியை ஓட்டுபவரும் அவரே.

முறிந்த முகத்தை டீசல் துணியால் துடைத்தேன். நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் ஒரு பக்கம் வழுவழுப்பாக, மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போல் வளைகோடுகள். மறுபக்கம் சொரசொரப்பு. ஒரே அடியில் முறிந்தால் இந்தக் கோடுகள் வராது. பல வாரங்களாக விரிசல் ஊர்ந்து வந்திருக்கிறது. அந்தச் சாய்வு, கிராங்க் முறுக்கப்பட்டே ஒடிந்தது என்பதற்குச் சாட்சி. இன்ஜினின் முன்முனைக்குப் போனேன். அங்கே கிராங்கின் அதிர்வை விழுங்கும் டேம்பரின் ரப்பர் வெடித்து, ஒரு விரற்கடை அளவுக்குப் பிய்ந்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றியவர்கள் அதற்கு மட்டும் கறுப்புப் பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருந்தார்கள்.

ஆறு சிலிண்டர் என்றால் தானாகவே நீண்ட ஆயுள் என்ற நம்பிக்கை லாரித் தொழிலில் ஆழமாக வேரோடியிருக்கிறது. நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் ஏற, இரண்டு இறங்குகின்றன. ஆனால் மேல்பாதியில் ஓடும் வேகமும் கீழ்பாதியில் ஓடும் வேகமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை இன்ஜினைக் குலுக்குகிறது. வரிசையாக நிற்கும் ஆறில் கிராங்க் 120 டிகிரி இடைவெளியில் அமைவதால் இந்த விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடுகின்றன. வெடிப்பும் 120 டிகிரிக்கு ஒன்றாக, 1-5-3-6-2-4 என்று சீராக வருகிறது. கிளட்ச், கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாப்ட் ஜாயின்ட் எல்லாம் அந்தச் சீரை அனுபவிக்கின்றன.

இன்னொன்று, சுமைப் பங்கீடு. டாடாவின் பழைய 697, 497 இன்ஜின்களின் பெயரிலேயே விவரம் இருக்கிறது. முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை, அடுத்த இரண்டும் மில்லிமீட்டரில் போர் அளவு. இரண்டிலும் 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக். 697-இன் கொள்ளளவு 5,675 சி.சி., 497-இனுடையது 3,783 சி.சி. இவற்றிடம் 120 ஹெச்.பி. கேட்டால், ஆறில் ஒரு சிலிண்டருக்கு 20, நான்கில் 30. ஒரே அளவுப் பிஸ்டன் ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும். டர்போ அதைச் செய்ய வைக்கும். கூடும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சுமப்பது ரிங்கும் பேரிங்கும் ஹெட் கேஸ்கெட்டும்தான்.

ஊருக்குள் சரக்கு இறக்கும் வண்டிக்கு நான்கு சிலிண்டரே போதும்; எடையும் உராய்வும் குறைவு, டீசலும் மிச்சம். ஆனால் 2018-இல் மூன்று அச்சு லாரிக்கான மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. அந்த எடையோடு சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் ஏற்றம் ஏறும் வண்டிக்கு, ஹெச்.பி.யை மட்டும் பார்த்துச் சிறிய இன்ஜினைப் பரிந்துரைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஆறு சிலிண்டரின் பலவீனம் அதன் நீளம். நீண்ட கிராங்க், வெடிப்புக்கு வெடிப்பு கம்பி போல முறுகி விடுபடுகிறது. அந்த அதிர்வை விழுங்கத்தான் முன்முனையில் டேம்பர். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வெப்பத்திலும் ஆயில் கசிவிலும் கெட்டிப்படும். ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது. புல்லிங் குறையாது, புகை வராது. இறக்கத்தில் கியரைக் கீழே போட்டு, இன்ஜினை எல்லைக்கு மேல் சுழலவிடும்போது ஆபத்து கூடும். டீசலைக் குறைப்பதுதான் கவர்னரின் வேலை. சக்கரமே இன்ஜினைத் தள்ளும்போது அதனால் எதையும் தடுக்க முடியாது. (இதைப் படித்து யாரும் நியூட்ரலில் இறங்கிவிட வேண்டாம். தொப்பூரில் அது உயிர் விஷயம். இறக்கம் தொடங்கும் முன்பே சரியான கியருக்கு வந்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும்.)

நல்ல இன்ஜினுக்குப் பல பிறவி உண்டு. கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினில் தனி லைனர் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டர். ஆனாலும் 0.5, பிறகு 1 மி.மீ. ஓவர்சைஸ் வரை போரிங் போடலாம், அதற்குப் பிறகு ஸ்லீவ் இறக்கலாம். ஒவ்வொரு பிறவியிலும் பிஸ்டன் புதிது, பேரிங் புதிது. டேம்பர் மட்டும் முதல் பிறவியுடையது. இந்த வழக்கம் மாற வேண்டும். முழு வேலைக்குப் போடும் எஸ்டிமேட்டில் பேரிங் செட்டுக்கு அடுத்த வரியில் டேம்பர் இருக்க வேண்டும். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவைத்தால், வெளிவளையம் நழுவியிருக்கிறதா என்பதைக் கிளீனர் பையனே பார்த்துச் சொல்லிவிடுவான். நிறுவனங்களும் பராமரிப்புக் கையேட்டில் டேம்பர் பற்றிய பக்கத்தை ஓட்டுநர் படிக்கும் மொழியில் அச்சிட்டுத் தர வேண்டும்.

அந்த உரிமையாளருக்குக் கிராங்க் மட்டும் போகவில்லை, பிளாக்கும் போய்விட்டது. பழைய பிளாக் ஒன்றை வாங்கி வண்டியைத் திரும்ப ரோட்டில் இறக்கிவிட்டார். வேலை நடந்தபோது டேம்பரை மட்டும் அவரே கடைக்குப் போய், பெட்டியைப் பிரித்து, ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்து வாங்கிவந்தார்.

– கட்டுரையாளர், கனரக வாகன இன்ஜின் பொறியாளர்