தயக்கம் யாருடைய குற்றம்?

மூளைச்சாவு அடைந்தவரின் படுக்கையருகே நிற்கும் உறவினரிடம் உறுப்புகளைப் பெற இசைவு கேட்கப்படும்போது, இங்கிலாந்தின் வெள்ளையர் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இசைகின்றன. அங்கே குடியேறி வாழும் ஆசிய, ஆப்பிரிக்க வழியினர் குடும்பங்களிலோ பாதிகூட இசைவதில்லை. தம் மறுப்பைப் பதிவு செய்யாத வயதுவந்தோர் இசைந்தவராகவே கொள்ளப்படுவர் என்ற சட்டம் 2020 மே முதல் அங்கே நடப்பில் உள்ளது. ஆயினும் குடும்பத்தாரைக் கேட்காமல் மருத்துவர்கள் செயல்படுவதில்லை. அவர்கள் தலையசைக்க மறுத்தால் சட்டம் தாளோடு நின்றுவிடுகிறது.

'மதம், அறியாமை' என்ற இரு சொற்களை உதிர்த்துவிட்டு அப்பால் நகர்வோரை நாம் அறிவோம். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. உறுப்புக் கொடை தகும் என்று பிரித்தானிய இசுலாமியச் சட்டவியலார் 1995-லேயே தீர்ப்பு வழங்கினர். அதே ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் 'வாழ்வின் நற்செய்தி' மடலில் இக்கொடையை அன்றாட வீரச்செயல்களுள் ஒன்றாகப் போற்றினார். 2000 ஆகஸ்டில் உரோமையில் கூடிய உறுப்புமாற்று மருத்துவர்களிடமும் அதனை அன்பின் செயலென்றே வலியுறுத்தினார்.

"உடல் சிதைந்தால் உயிர்த்தெழுவது எங்ஙனம்?" என்று நம் பங்கு மக்கள் கேட்பதுண்டு. கோவாவில் துயிலும் புனித சவேரியாரின் வலக்கரம் 1614-இல் வெட்டியெடுக்கப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டது. அக்கரத்தை வணங்குகிற நாம், அவருக்கு உயிர்ப்பு இல்லை என்றா நம்புகிறோம்? மண்ணில் கரைந்த கண்ணை மீட்டுத் தர வல்லவருக்கு, பார்வையற்ற ஒருவருக்கு ஈந்த கண்ணை மீட்டுத் தருவது அரிதோ?

ஆக, மறுப்பின் வேர் மறையில் இல்லை. ஐயத்தில் இருக்கிறது. அந்த ஐயத்தை விதைத்தவர் யார்? லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோர் அறியாமல் எடுத்து வைத்திருந்த செய்தி 1999-இல் வெளியானது. அதன் விளைவாகவே அங்கே 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் பிறந்தது. அங்கே ஐயுற்றவர்கள் அறிவிலிகளா?

நம் சென்னையின் கதை இன்னும் கொடியது. சிறுநீரகம் விற்றவர் மலிந்ததால் வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' ஆயிற்று. விற்பனையைத் தடைசெய்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரும், ஆழிப்பேரலையில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட பெண்கள் தரகர்களிடம் சிறுநீரகத்தை இழந்தது 2007-இல் அம்பலமானது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியான அறிக்கை, அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர் என்கிறது. விற்ற பின்னும் நால்வரில் மூவர் கடனிலேயே இருந்தனர். இவற்றைக் கண்ட ஏழை, வெள்ளுடையாரின் புன்னகையைக் கண்டதும் அஞ்சுவது மடமையன்று, பட்டறிவு. கடல் கடந்து செல்பவன் நினைவுகளைத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டா கப்பலேறுகிறான்?

ஆனால் நம்மவருக்கு மட்டும் மன்னிப்பு வழங்கி முடிக்க நமக்கு மனமில்லை. பிரித்தானியாவில் வாழும் தெற்காசியரிடையே நீரிழிவும் அதன்வழி வரும் சிறுநீரகச் செயலிழப்பும் மிகுதி. குருதி வகையும் திசுவும் பெரும்பாலும் தம் இனத்தாரிடையே எளிதில் பொருந்துகின்றன. எனவே நம்மவர் கொடாத சிறுநீரகத்திற்காக நம்மவரே நெடுநாள் காத்துக் கிடக்கின்றனர். பெற நீளும் கை, கொடுக்க மட்டும் மடங்குவது எந்த நீதி?

உயிரோடிருக்கையில் கொடுப்போர் யாரென்றும் பார்ப்போம். இந்தியாவில் அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோருள் பெரும்பாலோர் ஆண்கள். தாயின் சிறுநீரகத்தையும் மனைவியின் ஈரலையும் கேட்கத் தயங்காத குடும்பம், தகப்பனின் சடலத்தைத் தொடவிடாமல் வாயிலில் நின்று மறிக்கிறது. உயிருள்ள பெண்ணின் விலாவைக் கீறுகையில் எழாத புனித உணர்வு, உயிரற்ற ஆணின் உடலருகே திடீரென எங்கிருந்து வருகிறது?

மறுக்க உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மறுப்பவர் அதைத் தம் வாயாலேயே, நலமாயிருக்கும் நாளில், தம் மனைவி மக்கள் முன்னிலையில் சொல்லட்டும். அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில், அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண், தனக்குப் பாதியே விளங்கும் ஆங்கிலத்தில், கணவனின் விருப்பத்தை ஊகித்துச் சொல்ல வேண்டிய நிலை வரவேண்டாம்.